ஒரு கிலோ ஆவதற்குள்

சிதம்பரம்,
தீபாவளி முடிந்த வாரம், 2009.

அன்புள்ள மாமாவுக்கு,

அமராவதி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நலமாக இல்லை, நீங்களும் நலமாக இருக்க மாட்டீர்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். சுவாதி நேற்று இரண்டு இட்லி சாப்பிட்டாள். இங்கே நல்ல செய்தி அவ்வளவுதான்.

உங்களை வேலூர் ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நம்ம ஊர்த் தலைவர் நாட்டார் பக்கிரி ஆள் விட்டுச் சொன்னார். வலைத் தகராறில் எதிர்த்தரப்பு ஆட்களையும் கடலூரில் அடைத்திருப்பதால் இரண்டு கூட்டத்தையும் ஒரே இடத்தில் வைக்க முடியாதாம். கடலூரில் இருந்தவரை பஸ் ஏறினால் பார்த்துவிடலாம் என்று ஒரு தைரியம் இருந்தது. அங்கே மனுப் போட்டுப் பார்க்க வந்தபோதும் நீங்கள் என்ன சொன்னீர்கள், இனிமே வராத, ஊர் பாத்துக்கும் என்றுதானே. சரி, ஊர் பார்த்துக்கொள்கிற லட்சணத்தை எழுதுகிறேன், கேளுங்கள்.

முதல் வாரம் அரிசி வந்தது, எண்ணெய் வந்தது. அடுத்த வாரம் அரிசியோடு பெரிய ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். பாப்பா வாயாடி, போலீசு விசாரிக்க வந்தா எதையாவது உளறி வைக்கும், கொஞ்ச நாள் வெளியூர்ல வச்சிரு என்றார்கள். உங்கள் மகளை அப்படிச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அரிசியை வாசலிலேயே கொட்டியிருப்பேன், நீங்கள் உள்ளே இருக்கிறீர்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது சிதம்பரத்தில் ஞானாம்பாள் அக்கா வீட்டில் இருக்கிறோம். அக்கா வீட்டுக்காரர் உத்திராபதியின் கருவாட்டுக் கடையில் பகலெல்லாம் நிற்கிறேன். சுவாதியை இங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதில் உட்கார வைத்தாயிற்று.

கடிதத்தை ஜெயிலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று அக்கா வீட்டுக்காரர் சொன்னார். படிக்கிற ஐயாவுக்கும் ஒரு வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். பிறர் பிரித்துப் படிக்கிற கடிதம் என்பதால், சுவாதியின் முயல் எந்த நாளில் எங்கே வாங்கியது என்று நான் எழுத மாட்டேன். ஊர் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறது. சுவாதிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். யாராவது கேட்டால் சிதம்பரத்துப் பெரியப்பா வாங்கிக்கொடுத்தது என்று சொல்ல வேண்டும். எட்டு வயசுப் பிள்ளைக்குப் பெற்றவளே பொய் சொல்லிப் பழக்கினால் விளங்குமா என்று அக்காவே என்னைத் திட்டினாள்.

அந்த முயல் கதையைத்தான் எழுத வந்தேன். இது பெரிசாகாத ஜாதி, இவ்வளவுதான் இருக்கும் என்று விற்றவன் சொன்னானே, அவன் வாயில் மண்ணைப் போட. அது தாய்ப்பால் மறக்காத குட்டி. சிதம்பரம் வந்தபோது முதுகெலும்பு விரலில் தட்டியது. பசும்பாலை இங்க் பில்லரில் ஊட்டினேன். மறுநாள் பின்பக்கமெல்லாம் நனைந்து, கழுத்து தொங்கிப்போய்விட்டது. சுவாதி அதை மடியில் போட்டுக்கொண்டு அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா நல்லவர். முதலில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார், பிறகு மருந்து கொடுத்தார். பசும்பால் ஆகாதாம். முட்டைக்கோஸ், சோறு, பிஸ்கட் எதுவும் கூடாதாம். அருகம்புல், அருகம்புல், அருகம்புல். அது எப்போதும் முன்னால் கிடக்க வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் ஒரே நேரத்தில் எடை போட்டுப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்து நம்பாதே, மயிர் வளர்ந்தால் கொழுத்த மாதிரித் தெரியும் என்றார். முயல் தன் புழுக்கையைத் தானே தின்னுமாம், தடுக்கக் கூடாதாம். அதைக் கேட்டுச் சுவாதி மூஞ்சியைச் சுளித்தாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் மூஞ்சி அசைந்ததே அன்றைக்குத்தான்.

கருவாட்டுத் தராசில்தான் எடை போடுகிறோம். மஞ்சப்பைக்குள் விட்டுத் தட்டில் வைத்தால் நாற்றத்துக்கு மூக்கை மூக்கை ஆட்டுகிறது. கால் கிலோவைத் தொடவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி. ஒரு கிலோவுக்கு இன்னும் எவ்வளவும்மா என்றாள்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். ஊருக்காகச் சரணடையப் போகிற ஆட்களின் பெயரை நாட்டார் படித்து, அதில் உங்கள் பெயரும் வந்து, நீங்களும் வாயைத் திறக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய அன்று அவள் உங்கள் காலைக் கட்டிக்கொண்டாள். நீங்கள் குனிந்து, இந்த முயலு ஒரு கிலோ ஆவறதுக்குள்ள அப்பா வந்துடுவேன் என்றீர்கள். உங்கள் அப்பா காலத்தில் ஊர்க் கேசில் போனவர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்து திருவிழாவில் சாமி தூக்கினார்கள். அந்த நினைப்பில் சொன்னீர்கள். இது ஒரு ஆள் செத்துப்போன கேஸ் மாமா. பிள்ளைக்கு அது தெரியுமா? அவள் முயலைப் பிடித்துக்கொண்டாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கம்பளி கொடுப்பார்களா என்று தெரியவில்லை. பதில் போடுங்கள்.

இப்படிக்கு
அமராவதி


சிதம்பரம்,
நவம்பர், அடைமழை.

அன்புள்ள மாமாவுக்கு,

அமராவதி. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. மழையில் தபால் தவங்கியிருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன்.

இங்கே தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். கருவாடு நமத்துப்போய் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் முயல் அரை கிலோவைத் தாண்டிவிட்டது. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. நான் ஒருத்தி, கடலுக்குப் போகிறவன் பெண்டாட்டி, மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அருகம்புல் பிடுங்குகிறேன். குளக்கரையில் பார்ப்பவர்கள் பிள்ளையாருக்கா என்று கேட்கிறார்கள். ஆமாம், எங்க வீட்டுப் பிள்ளையாருக்கு என்று சொல்லிவிடுகிறேன்.

சுவாதிதான் அதை வளர்க்கிறாள் என்று சொல்ல வேண்டும். விடிந்ததும் புல்லை அலசி, ஈரம் போகத் துணியில் உதறி, ஒவ்வொன்றாக நீட்டுகிறாள். ஈரப்புல் வயிற்றை ஊத வைக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை எனக்கே பாடம் எடுக்கிறாள். சீக்கிரம் ஒரு கிலோ ஆனால் அப்பா சீக்கிரம் வந்துவிடுவார் என்று அவள் நினைப்பு. ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் ஒரு கை பொட்டுக்கடலையைப் போட்டுவிட்டாள். சாயங்காலம் முயல் வயிறு பந்து மாதிரி. அம்மா, குண்டாயிடுச்சு, ஒரே நாள்ல குண்டாயிடுச்சு என்று குதித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, முட்டாள். பிறகுதான் அது நகராமல் மூலையில் ஒடுங்கியதைப் பார்த்தேன். டாக்டரம்மா வீட்டுக் கதவையே தட்டி, எண்ணெய் புகட்டி, வயிற்றை நீவி நீவிப் பிழைக்க வைத்தோம். அதற்குப் பிறகு அவள் புல்லைத் தவிர எதையும் போடுவதில்லை.

வக்கீல் இந்த மாதக் கடைசிக்குள் ஜாமீன் வந்துவிடும் என்கிறார். அதைச் சுவாதியிடம் சொன்னேன். அவள் தராசைப் பார்த்துவிட்டு, சரியா இருக்கும்மா, முயலும் அதுக்குள்ள ஆயிடும் என்றாள்.

ஊரில் இருந்து வேறு செய்தி இல்லை. நாட்டார் மகன் தீபாவளிக்கு முன்பே பஹ்ரைனுக்குக் கப்பல் வேலைக்குப் போய்விட்டானாம். நல்லா இருக்கட்டும்.

உங்கள் மகள் உங்களுக்கு எழுதச் சொன்னது, குளிரில் காதை மூடிக்கொண்டு படுக்க வேண்டுமாம். முயலுக்குக் காதில்தான் முதலில் குளிர் தெரியுமாம்.

இப்படிக்கு
அமராவதி


சிதம்பரம்,
மார்கழி.

மாமாவுக்கு,

உங்கள் கார்டு வந்தது. மூன்று மாதத்துக்கு மூன்று வரி. எனக்கு, ஊர் சொன்னபடி நட. சுவாதிக்கு, முயல் எவ்வளவு எடை இருக்கிறது, அப்பா சொன்ன வாக்கு மாற மாட்டேன். அதை அவள் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்கினாள். எனக்கு எழுதிய வரியை நான் எங்கே வைத்துக்கொள்வது?

ஜாமீன் வருகிற நேரம் பார்த்து உங்கள் எல்லோர் மேலும் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். பேப்பரில் வந்ததை அக்கா வீட்டுக்காரர் வாய்விட்டுப் படித்தார், அவருக்கு அப்படித்தான் படிக்க வரும். ஒரு வருஷம் வெளியே வர முடியாது என்று படித்தார். அந்த ஒரு வருஷத்துக்குப் பிறகு கொலைக் கேஸ் நடக்கும், அதில் ஆயுள்கூடக் கிடைக்கலாம் என்று தானாகச் சேர்த்தும் சொன்னார். அக்கா இடுப்பில் இடித்த பிறகுதான் நிறுத்தினார். சுவாதி கதவோரம் முயலுக்குப் புல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வக்கீலைப் பார்க்கக் கடலூர் போனேன். மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாசலில் டீக்கடை ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். செத்துப்போனவனின் பெண்டாட்டி. நம்மைவிடச் சின்னப் பெண். இடுப்பில் கைக்குழந்தை. நான் யார் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. அவள் கேட்டாள், அக்கா, ஒங்க வீட்டுக்காரரு அவரைப் புடிச்சிக்கிட்டாரா, வெட்டுனாரா என்று. அது தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

நான் என்ன சொல்ல மாமா? தெரிந்த பதில் என் தொண்டை வரைக்கும் வந்தது. ஊர் வாங்கின சத்தியமும் அங்கேயே நின்றது. தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பரங்கிப்பேட்டை வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டியும் வாங்கவில்லை, குடித்தால் வாய் திறந்துவிடுமோ என்று இருந்தது.

முயலும் என்னைப் படுத்துகிறது. முக்கால் கிலோ வரைக்கும் ஓடின எடை, உங்கள் கார்டு வந்த வாரத்தில் இருந்து நகரவே இல்லை. போன வாரம் தராசில் ஒரு சின்ன எடைக்கல் அளவு குறைந்தும் போனது. புல்லைக் கூடை கூடையாகப் போடுகிறேன், கூடை காலியாகிறது, முயல் மட்டும் இளைக்கிறது. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. பல்லைப் பார்த்தாயிற்று. அக்கா எனக்குத் தெரியாமல் திருநீறு மந்திரித்து வாங்கிவந்து அதன் நெற்றியில் பூசினாள், முயல் அதையும் நக்கியது. டாக்டரம்மா கடைசியில் சொன்னார், நோய் எதுவும் இல்லம்மா, போடற தீனி அதோட வயித்துக்குப் போவல, அவ்வளவுதான் என்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டு டெய்லர் பெண்டாட்டி ஒரு ஆடு வைத்திருக்கிறாள். கட்டிப்போடவே மாட்டாள். நான் கடைக்குப் போனதும் அது வந்து முயலுக்குப் போட்ட புல்லை மேய்ந்துவிட்டுப் போகிறது, வேறென்ன? நேற்று போய்ப் பிடித்தேன் ஒரு பிடி. தெருவே வேடிக்கை பார்த்தது. என் மனசில் அடைத்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் அந்த ஆட்டின் மேல் கொட்டினேன். ஊரான் வீட்டுப் பிள்ளை வாயில மண்ணு போடறவங்க நல்லா இருக்க மாட்டீங்க என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். குற்றம் உள்ளவள்தானே பேசாமல் போவாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

சுவாதியும் சரியாகச் சாப்பிடுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பாவாடை நழுவுகிறது என்று பின் ஊசி குத்தி அனுப்புகிறேன்.

நீங்கள் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் நான் எழுதுவேன்.

அமராவதி


சிதம்பரம்,
ஆருத்ரா தரிசனம் கழிந்த ஞாயிறு, 2010.

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். படிக்கிற ஐயாவும் நிதானமாகப் படிக்கட்டும். இதில் ஒன்றையும் அடிக்க வேண்டாம் என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

தேருக்கு மறுநாள் டெய்லர் பெண்டாட்டி என்னைக் கூப்பிட்டாள். நீ வாய்க்கு வந்தபடி பேசின அன்னிக்கே சொல்லியிருப்பேன், புள்ளைக்கு அடி விழுமேன்னு வாயை மூடிக்கிட்டேன், இப்ப அது மூஞ்சி பாக்க முடியலை என்றாள். பிறகு சொன்னாள். அவள் ஆடு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. நான் கடைக்குக் கிளம்பியதும் சுவாதிதான் முயலுக்கு வைத்த புல்லை அள்ளிக்கொண்டு வந்து ஆட்டுக்குப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாளாம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, உங்கள் கார்டு வந்ததில் இருந்து.

வீட்டுக்கு வந்து அவள் முதுகில் இரண்டு வைத்தேன். ஏண்டி, வாயில்லா ஜீவனைப் பட்டினி போட ஒனக்கு எப்படிடி மனசு வந்தது என்று கத்தினேன். அவள் அழவில்லை. ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கிச் சொன்னாள். பெரியப்பா பேப்பர் படித்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. அப்பா வர ஒரு வருஷம் ஆவும்ல? அதுக்குள்ள முயலு ஒரு கிலோ ஆயிட்டா அப்பா சொன்னது பொய்யாயிடும்ல? அதான் அப்பா வர்ற வரைக்கும் முக்கால் கிலோலயே நிறுத்தி வச்சேன் என்றாள். முயலிடமும் சொல்லிவிட்டாளாம், அப்பா வந்ததும் நிறையப் போடுவேன், அதுவரைக்கும் பொறுத்துக்கோ என்று. அது மட்டும் பட்டினி கிடந்தால் பாவம் என்று அவளும் பள்ளிக்கூடத்துச் சோற்றில் பாதியை வைத்துவிடுகிறாளாம்.

பசிச்சா அது கத்தியிருக்குமேடி என்று கேட்டேன். முயலு கத்தவே கத்தாதும்மா, எவ்ளோ பசிச்சாலும் கத்தாது என்றாள்.

மாமா, அடித்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊருக்கு நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். அவளுக்கு நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் வெளியே இப்படிக் கிடக்கிறாள். உங்கள் ரத்தம்தானே, வேறு எப்படி இருப்பாள்?

முயலை டாக்டரம்மாவிடம் காட்டினேன். எழுந்து நின்றால் பின்கால் நடுங்குகிறது. வளர்கிற வயசில் தீனி குறைந்தால் நிறுத்தி வைத்த மாதிரி நிற்காது, உள்ளேயே கரைந்துபோகும், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இந்தப் பனியில் போயிருக்கும் என்றார். இனிமேல் நானே போடுகிறேன். கடைக்கும் மஞ்சப்பையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பிடியாக, அது மென்று முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல் ஏற ஆரம்பித்துவிட்டது. தை முடிவதற்குள் ஒரு கிலோ ஆகிவிடும் என்கிறார்.

நேற்று புல் கொடுத்துக்கொண்டிருந்தபோது சுவாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா, கொஞ்சமாப் போடும்மா, கொஞ்சமாப் போடும்மா என்று கெஞ்சினாள். பெற்ற பிள்ளை கையைப் பிடித்துக் கெஞ்ச, நான் கல்லு மாதிரி முயலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் எதிரிக்கும் அந்த நிலைமை வேண்டாம்.

இப்போது எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்கினதை எழுதுகிறேன். அந்த ஆள் செத்த சாயங்காலம் நீங்கள் அந்தக் கரையில் இல்லை. நீங்கள் கடலூர் சில்வர் பீச்சில் இருந்தீர்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கூடைக்காரனிடம் இந்த முயலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தீர்கள். ஊர் முழுக்க ஓட்டமும் கூச்சலுமாக இருந்தது. என்னாச்சு என்று என்னிடம்தான் கேட்டீர்கள். அப்போது உங்கள் சட்டைக்குள் முயல் இருந்தது. கை விட்டு எடுத்தவள் நான். போலீசிடம் ஒப்படைக்க ஊர் கணக்குக்கு ஒரு தலை குறைந்தது, உங்கள் தலையைக் கொடுத்தார்கள், நீங்களும் சரி என்றீர்கள். அங்கே யார் யார் இருந்தார்கள் என்று நான் எழுதவில்லை. அது என் வேலை இல்லை. நீங்கள் இல்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

உங்களை அடுத்த வாரம் சென்னைக்குக் கூட்டிப்போய் நீதிபதிகள் முன்னால் நிறுத்துவார்களாம். குண்டாஸ் போட்டது சரியா என்று அங்கேதான் பார்ப்பார்களாம். அங்கே வக்கீல் வந்து பேச முடியாதாம், நீங்கள்தான் உங்கள் வாயால் சொல்ல வேண்டுமாம். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார், அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், சொல்லவே மாட்டேன் என்கிறாரே என்று. அன்று பீச்சில் சுண்டல் விற்ற அம்மாவை நான் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். முயலைக் கையில் வைத்திருந்த சுவாதியை அழுத்தாதே அழுத்தாதே என்று நீங்கள் திட்டினது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்கிறார். முன்பின் தெரியாத பொம்பளை வாயைத் திறக்கிறார்.

நீங்கள் சொன்னால் ஊர் நம்மைத் தள்ளி வைக்கும். தெரியும். நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள், உங்களைப் படகில் ஏற்ற மாட்டார்கள். தள்ளி வைக்கட்டும். ஊர் அரிசி இல்லாமல் இந்த மூன்று மாதமும் நான் பிழைக்கவில்லையா? நீங்கள் வந்தால் கருவாட்டுக் கடையில் மூட்டை தூக்குங்கள், வேண்டாம் என்றால் சும்மா உட்காருங்கள், நான் சோறு போடுகிறேன். அந்தக் கைக்குழந்தைக்காரிக்கும் ஒரு பதில் போகட்டும். அவளும் தூங்கட்டும்.

எனக்கு நீங்கள் எழுத வேண்டாம். சுவாதிக்கு மட்டும் ஒரு வரி போடுங்கள். முயலுக்கு வயிறு நிறையப் போடு, நீயும் வயிறு நிறையச் சாப்பிடு, அப்பா சொன்னபடி ஆகாவிட்டாலும் அது உன் குற்றம் இல்லை என்று. நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். உங்கள் கையெழுத்தில் வர வேண்டுமாம்.

தில்லைக்காளிக்கு நெய்விளக்கு போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் உங்களைக் காப்பாற்றட்டும். முயல் என் மடியில்தான் இருக்கிறது, புல்லை மென்றுகொண்டு. அது வாயில்லா ஜீவன், பட்டினி போட்டாலும் பேசாமல் கிடக்கும். உங்களுக்கு வாய் இருக்கிறது மாமா.

உங்கள்
அமராவதி